ஜஸ்தேவ் சிங்: ஹாக்கி பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்த குரல்... யார் இவர்? தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

இன்னைக்கு மத்தூரில் பஸ் ஏறி ஓசூர் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போகிற ஒருவர், போகிற வழியிலேயே செல்போனில் மேட்ச் பார்த்துவிடுகிறார். வர்ணனை தமிழில் வேண்டுமா, கன்னடத்தில் வேண்டுமா, தெலுங்கில் வேண்டுமா, இந்தியில் வேண்டுமா? ஒரு பட்டனைத் தட்டினால் போதும். நாலு மொழியும் புழங்குகிற கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது ரொம்பவே பொருத்தமான வசதி.

ஆனால் 50 வருஷத்துக்கு முன்னால் இந்த வசதி எதுவும் கிடையாது. டிவி கிடையாது. ரேடியோதான். அதிலும் இந்திய அணி வெளிநாட்டில் ஆடினால் வர்ணனை ஆங்கிலத்தில் வரும், இல்லையென்றால் இந்தியில் வரும். அந்த இந்தி வர்ணனையில் நாடு முழுக்கத் தெரிந்த குரல் ஒன்று இருந்தது. அதுதான் ஜஸ்தேவ் சிங்.

9 ஒலிம்பிக் போட்டிகள், 8 உலகக் கோப்பை ஹாக்கி தொடர்கள், 6 ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இத்தனையையும் வர்ணித்த ஒரு மனிதரின் கதை இது. இந்தி தெரியாத தமிழ் வீடுகளுக்குள்ளும் இந்தக் குரல் எப்படி நுழைந்தது? ரேடியோவில் தொடங்கிய ஒருவர் டிவிக்கு மாறியபோது என்ன ஆனது? விரிவாகப் பார்க்கலாம்.

16 வயதில் கேட்ட ஒரு ஒலிபரப்பு

ஜஸ்தேவ் சிங் 1931-ம் ஆண்டு ராஜஸ்தானில் பிறந்தவர். சீக்கியக் குடும்பம். பள்ளியில் அவர் படித்தது உருது. பின்னாளில் இந்தி வர்ணனைக்கே அடையாளமாக மாறியவர், இந்தியை முறையாகப் பாடமாகப் படித்தவர் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முதல் ஆச்சரியம்.

1948 ஜனவரி 30. டெல்லியில் மகாத்மா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாள் அவரது இறுதி ஊர்வலம். அதை அகில இந்திய வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் மெல்வில் டி மெல்லோ. ஊர்வலம் பிர்லா இல்லத்தில் கிளம்பி யமுனைக் கரையில் முடியும் வரை, சுமார் 7 மணி நேரம் அவர் ஆங்கிலத்தில் வர்ணித்தார். இந்திய ஒலிபரப்பு வரலாற்றில் இன்றும் பேசப்படும் வர்ணனை அது.

அன்று ரேடியோ முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் 16 வயது ஜஸ்தேவும் ஒருவர். கண்ணால் பார்க்காத ஒரு ஊர்வலத்தைக் குரல் ஒன்றே கண் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அன்றைக்கே அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்: தானும் ஒரு நாள் இப்படி வர்ணனை செய்வேன், ஆனால் இந்தியில் செய்வேன் என்று. இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஆசையில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய நிகழ்ச்சி என்றாலே வர்ணனைக்கு ஆங்கிலம்தான். ஆங்கிலம் தெரிந்த வீட்டுக்கு அது செய்தி. தெரியாத வீட்டுக்கு வெறும் சத்தம். வீட்டில் பேசுகிற மொழிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மொழியில் இதைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது.

வானொலிக்குள் நுழைந்தது எப்போது?

1955-ல் ஜெய்ப்பூர் வானொலி நிலையத்தில் சேர்ந்தார். 8 ஆண்டுகள் அங்கே வேலை. அதன் பிறகு டெல்லிக்கு மாற்றம்.

டெல்லிக்கு வந்ததும் அவர் குரல் நாடு முழுக்கப் போய்ச் சேர ஆரம்பித்தது. 1963 முதல் குடியரசு தின அணிவகுப்பு, சுதந்திர தின விழா ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ வர்ணனையாளர்களில் ஒருவர் ஆனார். ஜனவரி 26 வந்தால் ராஜபாதை, ஆகஸ்ட் 15 வந்தால் செங்கோட்டை. பல பத்தாண்டுகள் இது அவரது வருடாந்திர வேலையாகவே இருந்தது.

அணிவகுப்பு வர்ணனை வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். உண்மையில் கஷ்டமானது. எந்தப் படைப்பிரிவு எப்போது வரும், அதன் வரலாறு என்ன, அடுத்து வரும் அலங்கார ஊர்தி எந்த மாநிலத்துடையது என எல்லாமே மனசில் இருக்க வேண்டும். வண்டி கொஞ்சம் தாமதமானால் அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்ப வேண்டும். வண்டி சீக்கிரம் வந்துவிட்டால் பேச்சைச் சட்டென்று முடிக்க வேண்டும். நேரலையில் திருத்தம் போட முடியாது.

1975: கோலாலம்பூரில் என்ன நடந்தது?

ஜஸ்தேவ் சிங் என்ற பெயரைச் சொன்னதும் பழைய ரசிகர்கள் முதலில் சொல்வது 1975 உலகக் கோப்பை ஹாக்கியைத்தான். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உலகக் கோப்பை ஹாக்கி 1971-ல் தொடங்கியது. ஒலிம்பிக்கில் தங்கமாகக் குவித்த இந்தியாவுக்கு இந்தக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை.

• 1971, பார்சிலோனா: அரையிறுதியில் பாகிஸ்தானிடம் தோல்வி.
• 1973, நெதர்லாந்து: இறுதிப் போட்டி வரை போய், போட்டி நடத்திய நெதர்லாந்திடம் தோல்வி.
• 1975, மலேசியா: மூன்றாவது முயற்சி. கேப்டன் அஜித்பால் சிங்.

இந்த அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.ஜே.பிலிப்ஸ் இருந்தார். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், குடகைச் சேர்ந்த பி.பி.கோவிந்தாவும் இருந்தார்.

அரையிறுதியில் எதிரணி, சொந்த மண்ணில் ஆடிய மலேசியா. ஆட்டம் முடியப் போகிறது, இந்தியா ஒரு கோல் பின்னால் இருக்கிறது. மாற்று வீரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோல் போட்டார். 3-2.

மார்ச் 15, இறுதிப் போட்டி. எதிரில் பாகிஸ்தான். முதல் கோல் பாகிஸ்தானுடையது. இரண்டாவது பாதியில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் உள்பக்கம் பட்டுத் திரும்பி வந்தது. பாகிஸ்தான் வீரர்கள் அது கோலே இல்லை என்று வாதாடினார்கள். நடுவர் கோல் என்றார். 2-1. கோப்பை இந்தியாவுக்கு. அந்த கோலை அடித்த அசோக் குமார், ஹாக்கி மாமேதை தியான் சந்தின் மகன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த கோலை இந்தியாவில் எத்தனை பேர் நேரலையில் கண்ணால் பார்த்தார்கள்? டெல்லி, மும்பை மாதிரி சில நகரங்களில்தான் டிவியே இருந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல்தான். அதாவது அந்த இறுதிப் போட்டி முடிந்து 5 மாதங்கள் கழித்து.

ஆக, நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த உலகக் கோப்பை ரேடியோ வழியாக, காதால் மட்டுமே வந்து சேர்ந்தது. அதை இந்தியில் கொண்டுவந்து சேர்த்த குரல் ஜஸ்தேவ் சிங்குடையது. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவரின் முடிவு, பாகிஸ்தான் வீரர்களின் எதிர்ப்பு என எல்லாவற்றையும் சில வினாடிகளுக்குள் கேட்கிறவர் மனசில் படமாக்க வேண்டிய வேலை அது.

இன்று வரை ஆண்கள் ஹாக்கியில் இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை அதுதான். அதனால்தான் அந்த வர்ணனையும் மறக்கப்படவில்லை.

ஹாக்கி வர்ணனை ஏன் இவ்வளவு கஷ்டம்?

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் நேரம் இருக்கும். வர்ணனையாளர் மூச்சு விடலாம், வானிலை பற்றிப் பேசலாம், பழைய ஆட்டத்தை நினைவுபடுத்தலாம். ஹாக்கியில் அது நடக்காது.

ஒரு பக்கம் 11 பேர், மறுபக்கம் 11 பேர். அந்தக் காலத்தில் 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். பந்து ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு நொடியில் போய்விடும். வர்ணனையாளர் ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து மூன்றாவது ஆளிடம் இருக்கும். நம்ம அணி வீரர்களை முகம் பார்த்தே தெரியும். எதிரணியினரை ஓட்டத்தை வைத்தும், சட்டை எண்ணை வைத்தும்தான் அடையாளம் காண வேண்டும்.

ஜஸ்தேவ் சிங்கின் பலமே இங்கேதான் இருந்தது. பந்து நடுக்களத்தில் இருந்தால் குரல் நிதானமாக நடக்கும். எதிரணி வட்டத்தை நெருங்க நெருங்க வார்த்தைகள் ஓட ஆரம்பிக்கும், சுருதி ஏறும். கோல் விழுந்ததும் உச்சம். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவருக்கும் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே பந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உருதுப் படிப்பும் அவருக்குக் கைகொடுத்தது. ஏட்டு இந்தியின் கனமான சொற்களைத் தள்ளிவிட்டு, கடைவீதியில் பேசுகிற இந்துஸ்தானியில் பேசினார். அதனால்தான் வட மாநிலங்களில் படித்தவர், படிக்காதவர் என எல்லோருக்கும் அவர் நெருக்கமானார்.

இந்தி தெரியாத ஊரில் இந்திக் குரல்

இங்கேதான் தமிழ்நாட்டுக் கதை வருகிறது.

1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த மண் இது. மொழி என்பது இங்கே வெறும் பேச்சு விஷயம் இல்லை, அரசியல், தன்மானம். அப்படிப்பட்ட மாநிலத்தில் வானொலியைத் திருப்பினால் கொஞ்ச நேரம் ஆங்கில வர்ணனை, கொஞ்ச நேரம் இந்தி வர்ணனை என்று மாறி மாறி வரும். கேட்பவருக்கு வேறு வழி கிடையாது. ஒலிபரப்பு முழுக்க அரசாங்கத்தின் கையில். இன்னொரு நிலையம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் ரசிகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தி வாக்கியம் புரியாது. ஆனால் வீரர்களின் பெயர் புரியும், கோல் என்ற சொல் புரியும், பின்னால் கேட்கும் கூட்டத்தின் இரைச்சல் புரியும். மிச்சத்தை அந்தக் குரலின் பதற்றம் சொல்லிவிடும். ஜஸ்தேவ் சிங் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறவர் என்றால் ஆட்டத்தின் போக்கே தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நிலைமை இன்னும் கொஞ்சம் வித்தியாசம். தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது என எல்லாம் புழங்குகிற எல்லைப் பகுதி. உருது பேசும் வீடுகளுக்கு ஜஸ்தேவ் சிங்கின் இந்துஸ்தானி அந்நியமே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, என் மக்களுக்குப் புரிகிற மொழியில் வர்ணனை வேண்டும் என்று ஜஸ்தேவ் சிங் 16 வயதில் நினைத்தாரே, அதே நியாயம் தமிழ் கேட்பவர்களுக்கும் உண்டுதானே? உண்டு. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடக்கும்போது சென்னை வானொலி தமிழ் வர்ணனை கொடுத்தது. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் அதில் தங்கள் தமிழால் ஒரு தனி ரசிகர் கூட்டத்தையே சேர்த்தார்கள். ஆனால் முழுநேரத் தமிழ் விளையாட்டு டிவி சேனல் ஒன்று வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரேடியோவிலிருந்து டிவிக்கு: எது மாறியது?

1976-ல் தொலைக்காட்சி, வானொலியிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டு தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது. ஜஸ்தேவ் சிங்கின் பயணமும் தூர்தர்ஷன் பக்கம் திரும்பியது. 35 ஆண்டுகளுக்கு மேல் அவர் அதனோடு இணைந்திருந்தார்.

பெரிய திருப்பம் 1982. அந்த ஆண்டுதான் இந்தியாவில் கலர் டிவி வந்தது, தேசிய ஒளிபரப்பும் தொடங்கியது. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 100, 200 மீட்டரில் பி.டி.உஷா இரண்டு வெள்ளி வென்றார். 800 மீட்டரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சார்லஸ் பொரோமியோ தங்கம் வென்றார். பெண்கள் ஹாக்கியில் தங்கம். ஆண்கள் ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று படுதோல்வி.

1975-ல் காதால் கேட்ட வெற்றிக்கும், 1982-ல் கண்ணால் பார்த்த தோல்விக்கும் நடுவில் 7 வருஷம்தான். ஆனால் அதற்குள் வர்ணனையாளரின் வேலையே மாறிப் போயிருந்தது.

• ரேடியோவில் 5 வினாடி மௌனம் என்றால், கேட்பவர் நிலையம் நின்றுவிட்டதோ என்று பெட்டியைத் தட்டுவார்.
• டிவியில் படமே எல்லாவற்றையும் காட்டும். அங்கே அளவுக்கு மீறிப் பேசினால்தான் தொல்லை.
• ரேடியோவில் வர்ணனையாளர் சொல்வதுதான் ஆட்டம். டிவியில் அவர் தப்பாகச் சொன்னால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ரேடியோவில் பழகியவர்கள் டிவியிலும் ரேடியோ மாதிரியே பேசுகிறார்கள் என்பது தூர்தர்ஷன் வர்ணனையாளர்கள் மீது பொதுவாக வைக்கப்பட்ட விமர்சனம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வார்த்தையால் படம் வரைந்து பழகிய ஒரு தலைமுறைக்கு, படம் ஏற்கெனவே திரையில் இருக்கிறது என்பதைப் பழக்கிக்கொள்வது லேசான காரியம் கிடையாது.

இருந்தாலும் ஜனவரி 26 காலையில் இந்தக் குரல் பொருந்திப் போனது. 80-களில் தெருவுக்கு ஒன்றிரண்டு டிவிதான். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் வரவைத்து, அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒரே வீட்டில் கூடி அணிவகுப்பு பார்த்த காலம். பின்னணியில் ஓடிய அந்தக் கம்பீரமான இந்திக் குரலின் சொந்தக்காரர் யார் என்று பலருக்குத் தெரியாது. ஆனால் குரல் தெரியும்.

பெருமையும் எல்லையும்

அவருக்குக் கிடைத்த அங்கீகாரங்கள் சில:

• 1985: பத்மஸ்ரீ விருது
• 2008: பத்மபூஷண் விருது
• சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உயரிய விருதான ஒலிம்பிக் ஆர்டர். ஹுவான் அந்தோனியோ சமராஞ்ச் கமிட்டித் தலைவராக இருந்த காலத்தில் கிடைத்தது.

விளையாடியவர்களுக்கும் விளையாட்டை நிர்வகித்தவர்களுக்கும் கிடைப்பது மாதிரியான ஒரு மரியாதை, விளையாட்டைப் பற்றிப் பேசியவருக்குக் கிடைத்தது.

அதே நேரத்தில் ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. ஜஸ்தேவ் சிங் உச்சத்தில் இருந்த காலம், ஒலிபரப்பில் அரசுக்குப் போட்டியே இல்லாத காலம். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள் என்பதைவிட, இருந்தது அந்த ஒரே நிலையம் என்பதும் உண்மை. 1995-ல் அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கு தொடங்கியதே ஒரு கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில்தான். அதன் பிறகு தனியார் சேனல்கள் பெருகின. முன்னாள் வீரர்களே மைக் பிடித்தார்கள். விளையாடாத ஒருவர், குரலையும் மொழியையும் மட்டும் மூலதனமாக வைத்து நாட்டுக்கே அடையாளமாக மாறும் வாய்ப்பு குறைந்துபோனது.

ஆனால் வேறு வழியில்லாமல் கேட்ட குரலை யாரும் 40 வருஷம் கழித்து ஆசையாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஜஸ்தேவ் சிங்கை நினைத்துப் பார்த்தார்கள். அதுதான் அவருடைய உண்மையான சம்பாத்தியம்.

கடைசி நாட்கள்

தன் வாழ்க்கையை அவர் இந்தியில் புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பே, நான் ஜஸ்தேவ் சிங் பேசுகிறேன் என்ற பொருள் தருவதுதான். ஒவ்வொரு ஒலிபரப்பிலும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட வார்த்தைகளையே வாழ்க்கைக்கும் பெயராக வைத்துவிட்டார்.

நீண்ட நாள் உடல்நலக் குறைவுக்குப் பின், 2018 செப்டம்பர் 25 அன்று காலமானார். வயது 87. அப்போது மத்திய விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் ஒலிம்பிக் பதக்க வீரரான ராஜ்யவர்தன் சிங் ரத்தோர். அவரும் இரங்கல் தெரிவித்தார்.

இன்றைக்கு ஏன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்?

2023 ஆகஸ்ட்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதிப் போட்டி நடந்தது. எதிரணி மலேசியா. 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 4-3 என்று வென்றது. மத்தூரில் இருந்தும் மதுரையில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் செல்போனில் அதைப் பார்க்க முடிந்தது. கோல் விழுந்த அடுத்த நிமிடமே வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது.

1975-ல் அதே மலேசியாவில் நடந்ததை நம் பெரியவர்கள் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியைச் சுற்றி நின்று கேட்டார்கள். படம் இல்லை, ரீப்ளே இல்லை, பலருக்கு மொழியும் புரியவில்லை. குரல் மட்டும் இருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஜஸ்தேவ் சிங் என்ற பெயர் அவர்களுக்கு ஞாபகம் வராமல் போகலாம். அசோக் குமார் கோல் போட்டபோது ரேடியோவில் எழுந்த அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும்.